அகலப் பாவாடைக்கு ஒரு வாசல்

"மிர்தா, பக்கத்துக் கடை அம்மாகிட்ட சொல்லு. அவங்க அடுப்புப் புகை நம்ம பக்கம் வருது."

மிர்தா திரும்பிப் பார்த்தாள். பக்கத்துக் கடை அம்மா இரண்டு முழம் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். மிர்தாவின் அம்மா சொன்னது அவர் காதில் நன்றாகவே விழுந்திருக்கும். ஆனாலும் ஒன்றும் கேட்காதவர்போல வாணலியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"பெத்ரோனா அத்தை, உங்க அடுப்புப் புகை எங்க பக்கம் வருதாம்."

"அப்படியா கண்ணு? அதைக் காத்துகிட்ட போய்ச் சொல்லச் சொல்லு. நானா ஊதி விடறேன்?"

"அம்மா, அதைக் காத்துகிட்ட..."

"கேட்டுச்சு, கேட்டுச்சு!" என்றார் அம்மா.

தினமும் இதே கதைதான். மிர்தாவுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் மதியம்தான் என்பதால் காலையில் அம்மாவுக்குக் கடையில் உதவி செய்வாள். எச்சில் கோப்பை கழுவுவது ஒரு வேலை. இந்தத் தபால்காரி வேலை இன்னொன்று. இரண்டில் கோப்பை கழுவுவதே மேல் என்று அவளுக்குத் தோன்றும்.

ஒருரோ நகரத்தின் காலைக் காற்றுக்குக் கொஞ்சமும் இரக்கம் கிடையாது. மலைமேல் இருக்கிற ஊர். பழைய ரயில் நிலையத்துக்குப் பின்னால், தகரக் கொட்டகைகளில் வரிசையாகக் கடைகள். அம்மா செவேரினா அங்கே ஆப்பி விற்றார். ஊதா நிறச் சோளத்தில் பட்டையும் கிராம்பும் போட்டுக் காய்ச்சுகிற கஞ்சி அது. அதோடு சேர்த்துச் சாப்பிட பஸ்தேல். உள்ளே பாலாடைக்கட்டி வைத்து எண்ணெயில் போட்டால் பூரிபோல உப்பி வரும். மேலே சர்க்கரை தூவித் தருவார். செவேரினாவின் பஸ்தேல் அளவுக்கு யார் பஸ்தேலும் உப்பாது என்று ஊரே சொல்லும். அம்மாவும் சொல்லுவார்.

பெத்ரோனா அத்தை விற்றது லாமா என்ற மலை விலங்கின் இறைச்சியில் செய்த உப்புக்கண்டம். அவித்த சோளமும் உருளைக்கிழங்கும் முட்டையும் வைத்து ஒரு தட்டு தந்தால், அதைச் சாப்பிட்டவர் மாலை வரைக்கும் பசி என்று சொல்லமாட்டார்.

இப்படி ஒருவர் குடிக்கக் கொடுக்க, ஒருவர் சாப்பிடக் கொடுக்க, எத்தனை ஒற்றுமையாக இருந்திருக்கலாம்! ஆனால் நடுவில் ஒரு டியூபா வந்து கெடுத்துவிட்டது.

தோன் செனோபியோ என்று ஒரு பாண்டு வாத்தியக்காரர். அவர் ஊதுகிற டியூபா என்ற பித்தளைக் குழல் அவர் அளவுக்கே பெரியது. தினமும் அம்மா கடையில்தான் ஆப்பி குடிப்பார். அந்த ஊரில் ஒருவர் ஒரு கடையைப் பிடித்துக்கொண்டால் பிறகு எளிதில் மாறமாட்டார். கடைக்காரம்மாவை அவர் 'கசேரா' என்பார். கடைக்காரம்மாவும் அவரைக் 'கசேரோ' என்பார். கிட்டத்தட்ட சொந்தக்காரர் மாதிரி. அடுத்த கடைக் கசேரோவை இழுப்பதைப்போலப் பெரிய குற்றம் சந்தையில் வேறு இல்லை.

ஒருநாள் அம்மாவின் பெஞ்சில் ஒரே கூட்டம். தோன் செனோபியோ உட்கார இடம் இருந்தது. டியூபா உட்கார இடம் இல்லை. மனிதர் பேசாமல் போய்ப் பெத்ரோனா அத்தையின் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தட்டு உப்புக்கண்டம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டார். அவ்வளவுதான். அன்று நின்ற பேச்சு இன்றுவரைக்கும் நின்றதுதான்.

"மிர்தா, கையைக் கழுவு. புறப்படு," என்றார் அம்மா. "இன்னிக்கு நம்ம கடையைக் காட்டறாங்க."

கொட்டகைகளுக்கு எதிரே, தண்டவாளத்தைத் தாண்டி, ரயில்வேயின் பழைய சரக்குக் கிடங்கு இருந்தது. பல வருடம் புறாக்கள்தான் அதில் குடியிருந்தன. இப்போது அதைப் புதுப்பித்து உணவுக் கூடமாக மாற்றியிருந்தார்கள். கருங்கல் சுவரைத் தேய்த்துக் கழுவி, கூரையில் கண்ணாடி பதித்து, தரைக்கு ஓடு போட்டிருந்தார்கள். தகரக் கொட்டகைக்காரர்களுக்குத்தான் முதலில் கடை என்று பேச்சு. எல்லோரும் கூட்டமாகப் போனார்கள்.

உள்ளே நுழைந்ததும் மிர்தா வாயைப் பிளந்தாள். காற்றே இல்லை! வெயில் மட்டும் கண்ணாடி வழியாக இறங்கி வந்தது.

வரிசையாகக் கடைகள். ஒவ்வொரு கடைக்கும் மேலே பெயர்ப்பலகை. 'செவேரினா: ஆப்பி, பஸ்தேல்' என்று நீல எழுத்தில் எழுதியிருந்ததைப் பார்த்ததும் அம்மா நின்றுவிட்டார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். புகைப்படம் எடுக்கப் போவதைப்போல நிமிர்ந்து நின்றார்.

"என் பேர்," என்றார் மெதுவாக.

பக்கத்துப் பலகையில் 'பெத்ரோனா: உப்புக்கண்டம்' என்று இருந்தது. கொட்டகையில் இருந்த வரிசையே இங்கேயும். அம்மா அதைப் பார்க்காததுபோல இருந்தார்.

ஒவ்வொரு கடைக்கு முன்னாலும் சமைத்துப் பரிமாற ஒரு மேடை. உள்ளே போக அதன் ஓரத்தில் ஒரு சின்ன இடைவெளி விட்டிருந்தார்கள். மிர்தா அதில் சுலபமாகப் புகுந்து உள்ளே ஓடினாள். பளபளவென்று ஒரு குழாய் இருந்தது. திருகினாள்.

"அம்மா! சுடுதண்ணி! குழாயிலயே சுடுதண்ணி வருது! சீக்கிரம் வந்து பாரேன்!"

அம்மா வேகமாக வந்தார். இடைவெளிக்குள் நுழைந்தார். பாதியில் நின்றார்.

அம்மா கட்டியிருந்தது பொல்யேரா. கொசுவம் கொசுவமாக மடித்துத் தைத்த அகலப் பாவாடை. அடியில் நாலைந்து உள்பாவாடை வேறு. கட்டினால் குடைபோல விரிந்து நிற்கும். அந்தச் சந்தையில் பெரும்பாலான பெண்களின் உடுப்பு அதுதான்.

நேராகப் போனபோது பாவாடை இரண்டு பக்கமும் இடித்தது. அம்மா பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். அப்போதும் இடித்தது. சுற்றிலும் ஒரே அகலமாக இருக்கிற பாவாடைக்குப் பக்கவாட்டு ஏது? அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தள்ளு தள்ளினார். பாவாடை மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

"மிர்தா, உங்கம்மாகிட்ட கேளு. கடைக்குள்ள போகப் போறாங்களா, இல்ல அங்கயே கதவா நிக்கப் போறாங்களா?"

"நீங்க மொதல்ல உங்க கடைக்குள்ள போங்க அத்தை!" என்றாள் மிர்தா. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

பெத்ரோனா அத்தை கம்பீரமாகத் தன் கடைக்குள் நுழைந்தார். அவர் அம்மாவைவிட இரண்டு மடங்கு இருப்பார். அவரும் மாட்டிக்கொண்டார். அம்மாவை மிர்தா உள்ளிருந்து தள்ளினாள். அத்தையை இழுக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. ஏணிமேல் நின்று வண்ணம் பூசிக்கொண்டிருந்தவர் சிரித்த சிரிப்பில் தூரிகையைக் கீழே போட்டுவிட்டார்.

கூடத்தின் மேனேஜர் விளாதிமிர் ஓடிவந்தார். பெயர்தான் ரஷ்யப் பெயர், ஆள் பக்கத்துத் தெருதான். கூடவே இந்தக் கட்டடத்தைத் திட்டம் போட்டுக் கட்டிய இன்ஜினியர் நொயேமியும் வந்தார்.

"இன்ஜினியரம்மா, வழியைக் கொஞ்சம் அகலமாக்க முடியாதா?" என்று கேட்டார் அம்மா.

நொயேமி மேடையைக் குனிந்து பார்த்தார். "முடியாதேக்கா. மேடைக்குக் கீழேதான் காஸ் குழாய் போகுது. மேடையை வெட்டினா அடுப்பு வைக்க இடம் இருக்காது."

"ரெண்டு கையாலயும் பாவாடையை அமுக்கிக்கிட்டா உள்ள போயிடலாம்," என்றார் அம்மா. "அப்ப கொதிக்கிற ஆப்பிச் சட்டியை எந்தக் கையில தூக்கறது?"

"இதுக்கெல்லாம் ஏன் இவ்வளவு யோசனை?" என்றார் விளாதிமிர். "பேன்ட் போட்டுக்கங்க. எல்லாரும் கறுப்பு பேன்ட், கறுப்புச் சட்டை. போட்டோவுல பாத்தா ஒரே மாதிரி அழகா இருக்கும். சனிக்கிழமைக்குள்ள சரியா இல்லையான்னு சொல்லிடுங்க. கோழி வறுவல்காரர் ஒருத்தர் இடம் கேட்டு நச்சரிச்சுக்கிட்டே இருக்காரு."

அம்மா தலையைத் தூக்கித் தன் பெயர்ப்பலகையைப் பார்த்தார். பெத்ரோனா அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் மிர்தாவுக்குப் பயமாக இருந்தது. பெத்ரோனா அத்தை வாயை மூடிக்கொண்டு அவள் பார்த்ததே இல்லை.

அன்று சாயங்காலம் மிர்தா பள்ளியிலிருந்து வந்தபோது, அம்மா அப்பாவின் பழைய பேன்ட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். அப்பா லாரி ஓட்டுகிறவர். வாரக் கடைசியில்தான் வருவார். அவர் மட்டும் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். மிர்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"எப்படி இருக்கு?" என்றார் அம்மா.

"வேற யாரோ மாதிரி இருக்கே."

அம்மா கட்டிலில் உட்கார்ந்தார். "எனக்கும் அப்படித்தான் இருக்கு."

"மாமா பொண்ணு பேன்ட் போடறாளே. நல்லாத்தானே இருக்கா?"

"அவளுக்குப் பிடிச்சிருக்கு, போடறா. எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு," என்று அம்மா மடியில் கிடந்த பாவாடையைத் தடவினார். "நான் கிராமத்துலேருந்து இங்க வந்தப்ப உன் வயசுதான் இருக்கும். சில கடைகள்ல பாவாடை கட்டினவங்களை உள்ளயே விட மாட்டாங்க, தெரியுமா? வாசல்ல நில்லு, வேணுங்கறதைக் கொண்டாந்து தரோம்னு சொல்லுவாங்க. சில பேரு மாத்திக்கிட்டாங்க. நான் மாத்திக்கல. இந்தப் பாவாடையோடதான் கடை போட்டேன். இதோடதான் உன்னைப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய்ச் சேர்த்தேன். இப்ப என் பேரு எழுதின கடைக்குள்ள நான் போகணும்னா இதைக் கழட்டி வெச்சுட்டுப் போகணுமா?"

"அப்ப நாம போக வேணாமா?"

"பாக்கலாம். தெருவுல ஒரு ஓரமா நின்னு வித்துக்கலாம்."

சொல்லிக்கொண்டே அம்மா விரல்களில் களிம்பு தடவினார். குளிரிலும் பச்சைத் தண்ணீரிலும் அந்த விரல்கள் வெடித்திருந்தன. மிர்தாவுக்கு அந்தச் சுடுதண்ணீர்க் குழாய் ஞாபகம் வந்தது. அம்மாவுக்குப் பாவாடையும் வேண்டும், சுடுதண்ணீரும் வேண்டும். இரண்டில் ஒன்று போதும் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை, கோப்பைகளைக் கழுவி முடித்ததும், மிர்தா பையிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்தாள். கொட்டகைக்கு முன்னால் சிமெண்ட் தரை வெறுமையாகக் கிடந்தது. அவளுக்குச் சும்மா நிற்கத் தெரியாது. நேற்றுப் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது கடையைப் பாதத்தால் அளந்து வைத்திருந்தாள். இப்போது அதேபோலப் பாதம் வைத்து வைத்துக் கோடு போட்டாள்.

"என்ன கண்ணு, பாண்டி ஆடக் கட்டம் போடறியா?" என்றார் பெத்ரோனா அத்தை.

"இல்லை அத்தை. எங்க கடையைப் போடறேன். நெஜ அளவு."

"அப்ப என் கடையையும் போடு. ஓரவஞ்சனை பண்ணாதே."

மிர்தா அதையும் போட்டாள். இரண்டு கடைகளையும் வரைந்தபிறகுதான் ஒன்று தெரிந்தது. இரண்டும் ஒரே மாதிரி இல்லை. வலது கையும் இடது கையும் மாதிரி இருந்தன. அம்மா கடைக்கு வழி வலது ஓரத்தில். அத்தை கடைக்கு வழி இடது ஓரத்தில். இரண்டு வழிகளும் பக்கத்தில் பக்கத்தில். நடுவில் ஒரே ஒரு தடுப்பு.

முதலில் அம்மா கடை மேடையைக் கொஞ்சம் அழித்து வழியை அகலமாக்கிப் பார்த்தாள். பிறகு ஒரு பழக்கூடையை அடுப்பு என்று வைத்தாள். கூடை மேடையில் நிற்காமல் வெளியே துருத்திக்கொண்டு வந்தது. இன்ஜினியரம்மா சொன்னது சரிதான். அழித்த கோட்டைத் திரும்பப் போட்டாள்.

ஒரு காலை அம்மா கடை வழியிலும் இன்னொரு காலை அத்தை கடை வழியிலும் வைத்துக்கொண்டு யோசித்தாள். குனிந்து பார்த்தாள். இரண்டு கால்களுக்கும் நடுவில் தடுப்பின் கோடு ஓடியது.

மிர்தா செருப்பால் அந்தக் கோட்டை அழித்தாள்.

பிறகு அப்படியே நின்றாள்.

"அம்மா! இங்க வா! அத்தை, நீங்களும் வாங்க! சீக்கிரம்!"

இருவரும் வந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்காமல் வந்து, ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

"இதுதான் வழி. ரெண்டு கடைக்கும் சேத்து ஒரே வழி. இப்ப உள்ள போய்ப் பாருங்க. கோட்டை மட்டும் தொடக் கூடாது."

அம்மா நடந்தார். பாவாடை எந்தக் கோட்டையும் தொடவில்லை. இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண் மிச்சம் இருந்தது. பெத்ரோனா அத்தை நடந்தார். அவருக்கே தாராளமாக இருந்தது. அத்தை உள்ளே போய்ச் சாக்பீஸ் கடையில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினார். பாவாடை விரிந்து அடங்கியது.

அப்புறம்தான் இரண்டு பேருக்கும் விஷயம் புரிந்தது. நடுவில் தடுப்பு இல்லையென்றால், ஒருவர் வெளியே வரும்போது இன்னொருவர் வழிவிட வேண்டும். ஒருவர் கையில் கொதிக்கிற சட்டி இருந்தால், இன்னொருவரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

அம்மா தொண்டையைச் செருமினார். "மிர்தா, அவங்ககிட்ட கேளு. அவங்களுக்கு இது சம்மதமான்னு."

"மிர்தா, உங்கம்மாவுக்குச் சம்மதமான்னு நீ மொதல்ல கேளு," என்றார் அத்தை.

மிர்தா சாக்பீஸைப் பைக்குள் போட்டுக் கைகளைத் தட்டிக்கொண்டாள்.

"நான் கேக்க மாட்டேன்."

"என்னடீ?"

"புகை, தண்ணி, கூட்டற குப்பை, எல்லாத்துக்கும் நான் சொல்லிட்டேன். இதை நான் சொல்ல மாட்டேன். நான் மதியம் பள்ளிக்கூடம் போயிடுவேன். அப்ப சட்டியோட எதிரும் புதிருமா வந்து நின்னா யாரு வந்து சொல்லுவா? வண்ணம் அடிக்கிறவரா? நீங்களே பேசிக்கங்க."

சொல்லிவிட்டுப் போய்க் கழுவிய கோப்பைகளையே திரும்பக் கழுவ ஆரம்பித்தாள். காது மட்டும் இங்கேயே இருந்தது.

நாலு கோப்பை கழுவி முடித்தாள். பிறகு பெத்ரோனா அத்தையின் குரல் கேட்டது.

"அந்த டியூபாக்காரரை நான் கூப்பிடவே இல்லை. அவரா வந்து உக்காந்தாரு."

"தெரியும்," என்றார் அம்மா.

"தெரியுமா? தெரிஞ்சுமா இத்தனை நாளா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தே?"

"நீ வந்து பேசுவேன்னு பாத்தேன்."

"நான் நீ வருவேன்னு பாத்தேன்!"

"நல்லாத்தான் பாத்தோம், போ," என்றார் அம்மா. "புகையில எனக்குக் கண்ணே போச்சு."

பெத்ரோனா அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கும் வந்தது. சிரித்து முடித்ததும் அத்தை தரையைக் கையால் காட்டினார். "சட்டி வெச்சிருக்கறவங்களுக்குத்தான் முதல் வழி. வெறுங்கையோட இருக்கறவங்க நிக்கணும். சரியா?"

"சரி. நடுவுல யாரும் மூட்டை வைக்கக் கூடாது. நீ வைப்பே."

"நான் எப்ப வெச்சேன்?"

மிர்தா கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தண்டவாளத்தைத் தாண்டி ஓடினாள். அவர்கள் மறுபடி சண்டை போடுவதற்குள் இன்ஜினியரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

நொயேமி வந்தார். பின்னாலேயே விளாதிமிரும் வந்தார். பெத்ரோனா அத்தை சொல்லி, கொட்டகைப் பெண்கள் எல்லோரும் சாக்பீஸ் கடையைச் சுற்றி வேடிக்கை பார்க்க நின்றுகொண்டிருந்தார்கள். நொயேமி கோடுகளைச் சுற்றி நடந்தார். பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதை யார் போட்டது?"

"நான்தான்," என்றாள் மிர்தா. "பாதத்தால அளந்தேன். தப்பா இருக்கா?"

"தப்பே இல்லை." நொயேமி அழிந்த கோட்டின் மேல் போய் நின்றார். "இந்தத் தடுப்பு வெறும் பலகைதான். குழாய் எல்லாம் மேடைக்குக் கீழேயும் பின்சுவர்லயும்தான் போகுது. இதைக் கழட்டினா ஒண்ணும் ஆகாது. ஏன் எனக்குத் தோணல?" அவர் தன் ஜீன்ஸ் பேன்ட்டைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "ஏன்னா நான் இதைப் போட்டுக்கிட்டுத்தான் தினமும் அந்த வழியில நூறு தடவை போய்ட்டு வந்தேன். எங்க அம்மா கட்டறது பாவாடைதான். திறப்பு விழாவுக்கு அவங்க வந்து அதுல மாட்டியிருந்தா எனக்கு நல்லா விழுந்திருக்கும்!"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். விளாதிமிர் மட்டும் தலையைச் சொறிந்தார்.

"வழி சரி. கறுப்பு பேன்ட், கறுப்புச் சட்டை? எல்லாரும் ஒரே மாதிரி இருந்தாத்தானே பாக்க ஒரு ஒழுங்கு?"

"தம்பி," என்றார் அம்மா. மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். "ஒழுங்குன்னா சுத்தமா இருக்கணும். நான் சுத்தமா இருப்பேன். ஏப்ரன் வேணும்னா உங்க கறுப்பு ஏப்ரன் கட்டிக்கறேன். பாவாடை என்னோடது. பலகையில செவேரினான்னு எழுதியிருக்கு இல்லையா? அந்த செவேரினா இப்படித்தான் இருப்பா."

"பெத்ரோனாவும்தான்," என்றார் அத்தை.

"நாங்களும்தான்," என்று கூட்டத்தில் நாலைந்து குரல்கள் கேட்டன.

விளாதிமிர் அம்மாவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், நொயேமியைப் பார்த்தார். "பொது வழின்னா அதுக்கு யார் பொறுப்பு? அதையாவது சொல்லுங்க."

"நாங்க ரெண்டு பேரும்!" என்று அம்மாவும் அத்தையும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொன்ன வேகத்தில் அவர்களுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சரி, ஏப்ரன் போதும்," என்றார் விளாதிமிர். "கோழி வறுவல்காரருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"ஆப்பி குடிக்க வரச் சொல்லுங்க," என்றார் அம்மா.

அந்த வரிசையில் எல்லாக் கடைகளையும் ஜோடி ஜோடியாகத்தான் கட்டியிருந்தார்கள். தச்சர்கள் வந்தார்கள். யார் யாருக்கு அகல வழி வேண்டுமோ அவர்களுடைய தடுப்பை எல்லாம் கழற்றினார்கள். பேன்ட் போடுகிற இளம் பெண்கள் சிலரும், "எங்களுக்கும் கழட்டுங்க, மூட்டை தூக்கிட்டு வர வசதியா இருக்கும்," என்றார்கள். கழற்றின இடத்தை நொயேமி தானே உப்புத்தாள் வைத்துத் தேய்த்துவிட்டார். பாவாடை நூல் மாட்டிக்கொள்ளக் கூடாதாம்.

திறப்பு விழா அன்று கூடம் நிரம்பி வழிந்தது. வாசலில் பாண்டு வாத்தியம் முழங்கியது. தோன் செனோபியோ கன்னத்தை உப்பிக்கொண்டு டியூபா ஊதினார். அந்தச் சத்தத்தில் கூரைக் கண்ணாடி அதிர்ந்தது.

அம்மா அன்று திருவிழாவுக்கு மட்டும் கட்டுகிற பச்சைப் பட்டுப் பாவாடையைக் கட்டியிருந்தார். உள்பாவாடை வழக்கத்தைவிட ஒன்று அதிகம். வேண்டுமென்றேதான். மேலே கறுப்பு ஏப்ரன். பெத்ரோனா அத்தை சிவப்பு. ஊரில் இருக்கிற உள்பாவாடை எல்லாவற்றையும் அவரே கட்டிக்கொண்டு வந்ததுபோல இருந்தார்.

இரண்டு பேரும் வழிக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"நீ முதல்ல போ," என்றார் அம்மா.

"உன் கையிலதான் சட்டி இருக்கு. நீ போ."

அம்மா ஆவி பறக்கிற ஆப்பிச் சட்டியை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு, நிமிர்ந்த தலையோடு, வேகத்தைக் குறைக்காமல் நேராக உள்ளே நடந்தார். பச்சைப் பாவாடை ஆடி ஆடிப் போனது. எங்கேயும் இடிக்கவில்லை. சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு, குழாயைத் திருகி, சுடுதண்ணீரில் கைகளைக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

மிர்தா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது.

ஆனால் அதற்குள் கூட்டம் வந்துவிட்டது. ஆப்பி குடித்துக்கொண்டிருந்த வெளியூர்க்காரர் ஒருவர் மேடையை இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"நான் எத்தனையோ ஊர்ல இந்த மாதிரிக் கூடம் பாத்திருக்கேன் கசேரா. இவ்வளவு அகலமா வாசல் வெச்சு எங்கயும் பாத்ததில்லை. எந்த இன்ஜினியர் போட்டது?"

பெத்ரோனா அத்தை வாயைத் திறந்தார். அம்மா முந்திக்கொண்டார். கையிலிருந்த கரண்டியால் கோப்பைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்த மிர்தாவைக் காட்டினார்.

"அதோ நிக்கறா பாருங்க. என் பொண்ணு."

வெளியூர்க்காரர் தொப்பியைக் கழற்றி மிர்தாவுக்கு வணக்கம் சொன்னார். மிர்தா முதுகை நிமிர்த்திக்கொண்டு, இரண்டு கைகளிலும் ஆப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு, தான் போட்ட வாசல் வழியாக வெளியே வந்தாள்.